ஆறு வரிக்கு ஒரு திருவிழா

அந்தக் குரலை முதன்முதலில் கேட்டபோது ஏதோ மெஷின் கோளாறு என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆபரேட்டர் டீ குடிக்கப் போகும்போது ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல அதற்குள் ஒரு பெண் குரல் படபடத்துக்கொண்டிருந்தது. குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நிற்கும்போது பாக்கெட்டில் கைவிட்டுச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இருப்பது என் வழக்கம். அந்தச் சத்தத்தை வைத்தே, திரும்பி வந்தவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னங்க சார், ஏதாச்சும் புரிஞ்சுதுங்களா?"

"என்ன பாஷைங்க இது?"

"கன்னடந்தானுங்க. நடுவுல கொஞ்சம் இங்கிலீஷ். வேகத்த ஏத்தி வெச்சிருக்கேன். மெதுவாப் பேசினா எனக்குத் தூக்கம் வந்துருது, உங்க மீட்டிங் மாதிரி."

அவர் கொள்ளேகால்காரர். சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. மைசூரில் இருந்த எங்கள் அலுவலகத்தில், வாடிக்கையாளர்களின் புகார்களைப் படித்து, அவர்களுக்கே போன் போட்டுப் பேசித் தீர்த்துவைக்கும் வேலை அவருக்கு. திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு எங்கள் எல்லோரையும்விட வேகமாக வேலை பார்ப்பார். ஆனால் நம் ஊர் ஜனங்கள் ஒரே பாஷையில் புகார் எழுதுகிறார்களா என்ன? கன்னடத்தில் தொடங்கி, இங்கிலீஷில் கோபப்பட்டு, தமிழில் சாபம் விட்டு முடிப்பார்கள். இத்தனை பாஷை ஒரே வரியில் வந்தால் அந்த மென்பொருளுக்கு நாக்கு குழறும். அது குழறாமல், எழுத்துக்குத் தகுந்தபடி குரலை மாற்றிக்கொள்ளச் செய்வது, அதோடு சேர்த்துப் போடும் துணை நிரல், ஒரு சின்ன ப்ளகின். இலவசம். எந்த நாட்டிலோ இருக்கும் ஒருவர் தன் சொந்த நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதைப் பராமரிப்பவர் என்பதால் மெயின்டெய்னர் என்றுதான் சொல்வோம்.

ஒருநாள் ஆபரேட்டர் என் மேசைக்கு வந்தார். இரண்டு மாதத்தில் எல்லாக் கணினிகளிலும் படிக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றப்போகிறார்கள். புதுப் பதிப்பில் இந்தப் ப்ளகின் வேலை செய்யாது. அவர் ஏற்கெனவே வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டார். அதே சமயத்தில்தான் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை புகார் முடித்தார் என்பதுதான் அதில் முதல் கேள்வி.

"இப்ப எழுபது முடிக்கிறனுங்க. இந்தப் ப்ளகின் இல்லாட்டி இருபது தாண்டறதே கஷ்டம். இருபது முடிக்கிற ஆள வெச்சுக்க மாட்டாங்க சார்."

என்ன செய்தால் என்ன ஆகிறது, என்ன ஆகியிருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் படிப்படியாக டைப் செய்து எனக்கு அனுப்பியிருந்தார். இருபது வருஷ வேலையில் அத்தனை தெளிவான குறிப்பு எனக்கு வந்ததே இல்லை. கோப்பைத் திருத்தி அவர் கணினியில் நாமே போட்டுவிடலாமே என்றால், அதுவும் முடியாது. அதிகாரபூர்வப் பட்டியலில் வந்த பதிப்பைத் தவிர வேறு எதையும் எங்கள் கணினிப் பிரிவு ஏற்றாது. மெயின்டெய்னர் நம் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு வெளியிட வேண்டும். அது ஒன்றே வழி.

"கவலைய விடுங்க ஆபரேட்டரே, இத ஒரு இயக்கமாவே பண்ணிடலாம்" என்றேன்.

"இயக்கம் எதுக்குங்க சார்? அது இயங்குனாப் போதும்."

நான் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, இந்த மாதிரிப் பொதுவான ப்ளகின்களுக்கு நிரல் எழுதிக் கொடுக்கும் கூட்டம் ஒன்றை நடத்துவது என்று முடிவு செய்தேன். அன்று மாலையே வாட்ஸப் குழு தொடங்கியாயிற்று. குழுவுக்குப் பெயர் வைக்க நான்கு நாள். காலைச் சிற்றுண்டிக்கு செட் தோசையா, காரா பாத்தும் கேசரி பாத்தும் சேர்ந்த சௌசௌ பாத்தா என்று இரண்டு கூட்டங்கள். டி-ஷர்ட் அச்சடிக்கத் தேவராஜ மொஹல்லாவுக்கு மட்டும் ஐந்து முறை போய் வந்தேன். முதல் முறை நிறம் சரியில்லை. இரண்டாவது முறை சரியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் மனசு மாறிவிட்டது. தசராக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது என்று ஒரு சனிக்கிழமை தள்ளிப்போனது. பானரில் எழுத்துப்பிழை என்று இன்னொன்று. எனக்கோ நிற்க நேரமில்லை, உட்கார மனமில்லை. படிக்கட்டில் ஏறுவேன், இறங்குவேன், யாரையாவது நிறுத்தி டி-ஷர்ட் அளவு கேட்பேன். வீட்டில் மனைவி, "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்ளோ அலையல" என்றாள். உண்மைதான். அதற்கு என் மாமனார் அலைந்தார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆபரேட்டர் கேட்பார். "சார், இந்த வாரமுங்களா?"

"அடுத்த வாரம் பக்கா."

"சரிங்க. பக்காவுக்கு முன்னாடி ஆனாலும் சொல்லுங்க."

இந்த அலைச்சலுக்கு அடியில் என்ன இருந்தது என்று இப்போது சொல்லிவிடலாம். பயம். நான் கையால் நிரல் எழுதி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பதவி உயர உயர, பெட்டி வரைந்து அம்புக்குறி போடுகிற ஆளாகிவிட்டேன். அவர் குறிப்பு அனுப்பிய அன்றே ப்ளகினின் கோப்பைத் திறந்து பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன். சொந்த ஊருக்குப் போய்த் தெரு அடையாளம் தெரியாமல் நிற்பவனைப்போல் இருந்தது. சத்தமில்லாமல் மூடிவிட்டேன். ஒரு கோப்போடு தனியாக உட்காருவதைவிடப் பதினான்கு பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஒருவழியாக, பதிப்பு மாற ஒரு வாரமே இருந்தபோது, அந்தச் சனிக்கிழமை வந்தது. பதினான்கு பேர், பதினான்கு மடிக்கணினிகள், ஒரே நிற டி-ஷர்ட்டுகள். உற்சாகம் குறையக் கூடாது என்று நான் ஒரு காரியம் செய்தேன். வெள்ளைப் பலகையில் எல்லோர் பெயரையும் எழுதி, ஒவ்வொரு பங்களிப்புக்கும் ஒரு கோடு போடுவதாக அறிவித்தேன். மூன்று கோடு வாங்கினால் சான்றிதழ் உண்டு என்று எச்.ஆர். மேடம் சேர்த்துக்கொண்டார். பொது நிரலுக்குப் பங்களிப்பது என்றால் இவ்வளவுதான்: நீங்கள் செய்த திருத்தத்தை, சேர்த்துக்கொள்ளச் சொல்லி மெயின்டெய்னருக்கு ஒரு கோரிக்கையாக அனுப்ப வேண்டும். அது பெரிய திருத்தமா சின்னதா என்று எங்கள் பலகை கேட்கவில்லை. பிள்ளைகள் புத்திசாலிகள். ப்ளகினின் விளக்கப் பக்கத்தைத் திறந்தார்கள். ஒருவன் ஒரு காற்புள்ளி வைத்து அனுப்பினான். இன்னொருத்தி அதை எடுத்துவிட்டு அனுப்பினாள். ஒருவன் 'நன்றி' என்பதை 'மிக்க நன்றி' ஆக்கினான். மதியத்துக்குள் பலகையில் முப்பத்தொரு கோடுகள். நான் ஒவ்வொரு கோட்டுக்கும் கைதட்டிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆபரேட்டர் எல்லோருக்கும் முன்னால் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். "நம்ம விஷயத்த யாருங்க பாக்கறாங்க?" என்று மூன்று முறை கேட்டார். "பாத்துட்டிருக்காங்க" என்று மூன்று முறையும் சொன்னேன். நான்காவது முறை அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னைச் சுட்டது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்து மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டே இருந்தேன். அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ.

"முழுசும் படிக்காதீங்க சார். எரர்ல கடைசி வரிய மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். புதுப் பதிப்பில் ஒரு பகுதியின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். ப்ளகின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வீடு மாறிப்போனவரைத் தேடி, பழைய வாசலில் நின்று தட்டுகிற கதை. அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். மாற்ற வேண்டியிருந்தது மொத்தம் ஆறு வரி. ஆன நேரம் நாற்பது நிமிஷம். புதுப் பதிப்பு இருந்த தன் சொந்த மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தார். மூன்று பாஷையில் எழுதிய ஒரு புகாரைக் கேட்டார். "ஆய்து சார்" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். முடிந்தது என்று அர்த்தம்.

முடியவில்லை. கோரிக்கையை அனுப்பப் போனால் கதவு சாத்தியிருந்தது. மெயின்டெய்னர் அரை மணி நேரத்துக்கு முன் ஒரு குறிப்புப் போட்டிருந்தார்: நான் மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்க்கிறவன். இன்று வந்த கோரிக்கைகளைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. இனி வெளியார் திருத்தம் எதையும் கொஞ்சகாலத்துக்கு வாங்கப்போவதில்லை.

அறையில் யாரோ முப்பத்திரண்டாவது கோட்டுக்குப் பலகையில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆபரேட்டர் அந்தக் குறிப்பைத் தன் ஹெட்ஃபோனில் இரண்டு முறை கேட்டார்.

"அவருக்கும் கண்ணு தெரியாதுங்க சார். அவரோட அறிமுகப் பக்கத்துலயே எழுதியிருக்காரு, நீங்க பாக்கலீங்களா? நீங்கன்னா முப்பது மெயில ஒரே பார்வைல தள்ளிருவீங்க. அவருக்கு ஒண்ணொண்ணும் காது வழியாப் போகோணும். அந்தக் காற்புள்ளியெல்லாம் முழுசாப் போயிருக்கும்."

உதவி செய்கிறோம் என்று கிளம்பி, ஒரு மனிதரின் காதுக்குள் முப்பத்தொரு முறை புகுந்து கத்தியிருக்கிறோம். அதுவும் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு.

திங்கட்கிழமை ஒவ்வொரு மேசையாகப் போய், அனுப்பியதை அவரவர் கையாலேயே திரும்பப் பெறவைத்தேன். "அப்ப சர்ட்டிஃபிகேட்?" என்று ஒருவன் கேட்டான். சான்றிதழ் நிச்சயம் உண்டு என்றேன். என் வாயில் வந்தது வேறொன்று, அதை விழுங்கிவிட்டேன். மெயின்டெய்னருக்கு ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதி ஆபரேட்டருக்குப் படித்துக் காட்டினேன். "இதையும் அவரு கேக்கோணுமே சார்" என்றார். பிறகு ஆபரேட்டரே ஒரு கடிதம் எழுதினார்: அன்றைக்குத் தொந்தரவு செய்தவர்கள் என்னோடு வேலை செய்பவர்கள், கெட்டவர்கள் இல்லை. எனக்கு ஒரே ஒரு திருத்தம் வேண்டும், ஆறு வரி, இதோ. அவ்வளவுதான்.

பதில் வரப் பதினோரு நாள் ஆயிற்று. மெயின்டெய்னர் ஏற்றுக்கொண்டார், வெளியிட்டார், ஆபரேட்டருக்கு நன்றியும் சொன்னார். ஆனால் அதற்குள் புதுப் பதிப்பை ஏற்றிவிட்டார்கள். குழறும் குரலோடு ஆபரேட்டர் உட்கார்ந்திருந்த நாட்களைத்தான் ஒப்பந்தக் கணக்குக்கு எடுத்தார்கள். பத்தொன்பது, இருபத்தொன்று, பதினெட்டு. நான் எச்.ஆர். மேடத்தின் அறைக்குப் போய் என் வாழ்நாளில் முதல்முறையாக ஜோக் அடிக்காமல் பேசினேன். அதனாலேயோ என்னவோ அவர் நம்பவில்லை. "ஃபார்ம் மேல போயிடுத்து சார், இனி என் கையில இல்ல" என்றார்.

கடைசி நாள் ஆபரேட்டர் விடைபெற வந்தார். பார்வை இல்லாத ஒருவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னேன்.

"மேல பாத்துப் பேசுங்க சார். குரல் தரையில முட்டுது."

"நான் அன்னிக்கே ஒக்காந்திருந்தா..."

"ஒக்காந்திருந்தா ஆயிருக்கும்" என்றார். ஆறுதல் சொல்லவில்லை. இல்லை என்று மறுக்கவும் இல்லை. கையை நீட்டினார், குலுக்கினேன், போய்விட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பல மாதம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால், உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

அவருக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, போனும் மெயிலும் பார்க்கிற வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறார். அங்கே அந்த ஆறு வரி இருக்கும் ப்ளகின்தான் ஓடுகிறது. போன வருஷம் மெயின்டெய்னர், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டபோது, ஆபரேட்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டார். தண்டனையா, நம்பிக்கையா என்று நானும் கேட்கவில்லை. இப்போது கோரிக்கைகள் எனக்கும் வருகின்றன. எங்கேயோ ஒரு கல்லூரியில் யாரோ ஒரு சார் பலகையில் கோடு போடுகிறார்போலிருக்கிறது; ஒரு சனிக்கிழமை இருபது வந்தன, இருபதும் காற்புள்ளி. கண்ணால் பார்க்காமல் அந்தக் குரலைப் படிக்கவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஏழாவதில் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

இன்று காலை ஆபரேட்டர் நஞ்சன்கூட்டிலிருந்து கூப்பிட்டார். தொழிற்சாலையிலும் இப்போது பதிப்பை மாற்றப்போகிறார்களாம். ஒரு இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. திங்கட்கிழமைக்குள் சரியாக வேண்டும். எந்தக் கட்டளை, எந்த வரி என்று அவர் சொல்லிக்கொண்டே போக, எனக்குள் பழைய ஆசாமி எழுந்துவிட்டான். யார் யாரைக் கூப்பிடலாம், எந்த அறை காலியாக இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தான். அவனுக்கு இந்த வயதிலும் சௌசௌ பாத் நினைவு வந்தது. பாக்கெட்டில் சாவிக்கொத்து ஆடிய சத்தம் போனில் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"சார், எத்தன பேரக் கூப்பிடப் போறீங்க?"

"யாரையும் இல்லீங்க. நான் மட்டுந்தான்."

"ஒக்காந்துட்டீங்களா?"

நாற்காலியை இழுத்தேன். அதன் கால் தரையில் கிறீச்சிட்டது.

"சரி" என்றார். "முதல்ல கடைசி வரியப் படிங்க."