ஆறு நாள் இருமல்

வராந்தாவில் நர்ஸ் இருந்தார். பையைக் கட்டி வைத்துக்கொண்டு அந்தப் பெண் இருந்தாள். அவளுக்குப் பக்கத்துக் கட்டில்காரர், போர்வெல் போடும் ரிக் லாரி டிரைவரின் மனைவி, கதவோரம் நின்றார். துடைப்பத்தோடு நான். கேட்டுக்கு வெளியே, பைக் மேல், அந்தப் பெண்ணின் அப்பா.

கொரோனா இரண்டாம் தடவை வந்தபோது திருச்செங்கோடு பக்கம் ஒரு காலேஜின் லேடீஸ் ஹாஸ்டலை நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் அங்கே கூட்டித் துடைக்கிறவள். அந்தப் பெண் அதே காலேஜில் இரண்டாம் வருஷம். அதே ஹாஸ்டலில் இருந்தவள். காலேஜை மூடியதும் ஊருக்குப் போனாள். இப்போது காய்ச்சலோடு வந்தாள்.

மற்றவர்கள் எப்போது விடுவீர்கள் என்று கேட்பார்கள். இவள் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டாள். டிரைவரம்மா சிரித்தார்.

"ஊட்டுக்குப் போகோணுமேன்னு மூஞ்சியத் தொங்கப்போடற புள்ளைய இங்கதான் பாக்கறேன். இங்கத்த சாம்பார் அவ்வளவு ருசியாட்டம் இருக்குது."

நாலாம் நாள் தலைக்கு ஊற்றிவிட என்னைக் கூப்பிட்டாள். அவளால் கையைத் தூக்க முடியவில்லை. பிளாஸ்டிக் உடுப்புக்குள் வேர்த்துக்கொண்டே ஊற்றினேன். முதுகில் பட்டை பட்டையாகக் காயம். ஆறியது சில, ஆறாதது சில.

நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். ஹாஸ்டலில் இருந்தபோது மாதம் ஒருமுறைதான் வீட்டுக்குப் போவாள். அப்போது அடி இல்லை. பிறகு போனில் கிளாஸ். அதில் பையன்கள் குரல் கேட்டால் அப்பாவுக்கு ஆகாது. கோழித்தீவன மிஷினின் பழைய பெல்ட் ஆணியில் தொங்கும். அம்மா குறுக்கே வந்தால் அவளுக்கும் விழும்.

போலீசுக்குச் சொல்லலாமா என்றேன். அம்மா அங்கே அவரோடு தனியாக இருக்கிறாள், வேண்டாம் என்றாள். ஆத்தூரில் ஒரு சித்தி. வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். ஊரடங்கில் மாவட்டம் தாண்ட பாஸ் வேண்டும். இரண்டு தடவை கேட்டும் கிடைக்கவில்லை.

"பாஸ் வர்ற வரைக்கும் இங்க இருந்தாப் போதுங்க்கா."

பத்தாம் நாள் காய்ச்சல் இல்லை. வீட்டுக்குத் தகவல் போயிற்று. அப்பா வந்து நின்றார். நர்ஸ் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதினார். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இந்தப் புள்ளைக்குக் காலைல இருமலுங்க" என்றேன்.

அவள் இருமவே இல்லை. டிரைவரம்மாவுக்கும் அது தெரியும்.

"ஆமாங்க. ராத்திரியெல்லாம் என்னையத் தூங்க உடலீங்க" என்றார் அவர்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். அந்த முதுகை அவரும் பார்த்திருப்பார். குரலை இறக்கினார்.

"கட்டில் ஒண்ணுகூட காலி இல்லீங்க்கா. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுங்க."

சீட்டைக் கிழித்தார். அப்பா கேட்டைப் பிடித்து ஆட்டினார். மகளை வெளியே வரச் சொன்னார். இன்னும் தொற்று இருக்கிறது என்றதும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு ஆறாம் நாள் சித்தி பாஸோடு காரில் வந்தாள். அந்தப் பெண் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள்.

"வாரேங்க்கா."

"போய்ப் படி சாமி."

இப்போது ஆத்தூரிலிருந்து வேறு காலேஜுக்குப் போகிறாள் என்று கேள்வி. அவள் அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் சொன்ன பொய்யைத் தப்பென்று நினைக்கவில்லை. ஆனால் கேட் பக்கம் கூட்டுகிறவளும் நான்தான். அந்த ஆறு நாளில் கட்டில் இல்லையென்று அங்கேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒன்பது பேர்.