மூன்றாவது மிடறு

ஒரு மிடறு விழுங்கி, "உப்புக் குறைவு, அங்க மழை பெய்திருக்கு" என்பார் பாலாம்பிகை மிஸ். திருகோணமலையிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் சோதனைச் சாவடிதோறும் ஆமிக்காரர் அவருடைய பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைக் காட்டி, குடித்துக் காட்டச் சொல்வார்கள். கடல் தண்ணீர்தான் என்று ஒரு கடிதம் கைப்பையில் இருக்கிறது. அதை நீட்டி விளக்குவதைவிடக் குடிப்பது சுருக்கம் என்பது அவர் கட்சி.

விலங்கியல் விரிவுரையாளர், வயது ஐம்பத்திரண்டு. அம்பிட்டிய மலையில் வாடகைக்கு இருந்துகொண்டு குளியல் தொட்டியில் கடற்சாமந்தி வளர்க்கிறார். தான் குளிப்பது வாளியில். பூப்போல் விரியும் அந்தப் பிராணி குட்டியை வயிற்றுக்குள் வளர்த்து, பிறகு வாயால் துப்பும். சிலவற்றுக்கு இதற்கு ஆணும் தேவையில்லை.

"முதல்ல பிள்ளையை வயித்துக்க வச்சுதோ, முதல்ல ஆம்பிளையை விட்டுதோ? எனக்கு அதுதான் தெரியவேணும்."

கலியாணம் பேசி வந்த சித்தப்பாவிடமும் இதையே கேட்டாராம். அவர் தேத்தண்ணி குடியாமலே எழும்பிப் போனார்.

திருகோணமலையில் பெண்ணெடுத்த குற்றத்துக்காக அவருடைய கானைச் சுமப்பவன் நான், பக்கத்து வீட்டுச் சோதிலிங்கம். போன மாதம் ஒரு சின்ன மருந்துப் போத்தலும் கூட வந்தது. அங்கே ஆய்வுகூடச் சாடியில் பதினான்கு மாதம் தன்னந்தனியே இருந்த தாய் ஐந்து குட்டி போட்டதாம். தாயும் நான்கும் வெக்கையில் செத்துவிட, மிளகளவு மிஞ்சிய ஒன்று போத்தலின் அடியில் கிடந்தது. அது வளர்ந்து தானும் தனியே குட்டி போட்டால்தான் மிஸ்ஸின் ஆறு வருட ஆய்வு நிலைக்கும். வழியெல்லாம் இதே கதை. எனக்குக் காது புளித்துவிட்டது.

கட்டுகஸ்தோட்டைச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் புதியவன். கானை விட்டுவிட்டுப் போத்தலைக் காட்டி, முழுவதையும் குடிக்கச் சொன்னான். உள்ளே உயிர் இருக்கிறது என்றால் கொட்டித்தான் பார்ப்பான். மூன்று மிடறு தண்ணீர். மிஸ் இரண்டை விழுங்கினார். மூன்றாவதோடு குட்டியும் வாய்க்குள் போனது. தொண்டை அசையவில்லை.

அவன் பெயரைக் கேட்டான். மிஸ் வாய் திறக்கவில்லை. பதில் சொல்லாத தமிழரை பஸ்சிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளும் காலம் இது. அவர் ஊமை என்று சிங்களத்தில் சொல்லிவைத்தேன். அவன் அடையாள அட்டையைத் திருப்பினான். தொழில்: விரிவுரையாளர்.

ஊமை எப்படிப் படிப்பிக்கிறாள் என்று கேட்டான். எழுதித்தான் என்றேன். மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று சிரித்து, எங்களைப் போகச் சொன்னான்.

பஸ் பாலத்தில் ஏறியது. மிஸ் போத்தலின் மூடியைத் திறந்து, உதட்டைக் குவித்து மெல்லத் துப்பினார். யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் போத்தலின் வாயைத் துடைத்துவிட்டார். தன் வாயைத் துடைக்கவில்லை.