தமிழ் என்று சொல்லிவிட்டோம்

இன்று ஜூஜுவாடி பஸ்ஸில் என் மனைவி கண்டக்டரைத் தமிழில் வெளுத்து வாங்கினாள். மூளையில் கட்டி எடுத்தவள் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன், பேச்சு மூளையில் எங்கே இருக்கிறதென்று பார்க்க, பெங்களூரில் அவளை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டினார்கள். பெயர்களை அவள் மனதுக்குள் சொல்ல வேண்டும்.

"எந்த பாஷையில சொல்றீங்கம்மா?" என்றார் டாக்டர்.

"தமிழ்தானுங்க" என்றாள். வெளியாள் யார் கேட்டாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் தெலுங்கு.

தமிழ் சொன்னபோது ஸ்கேனில் தெரிந்த இடத்தை மட்டும் தொடாமல் வெட்டினார்கள். ஆபரேஷனில் தமிழ் மட்டும் தப்பித்தது; தெலுங்கு போய்விட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும், பசிக்கிறதா என்று பழக்கதோஷத்தில் தெலுங்கில் கேட்டுவிட்டேன்.

அவள் என் கையை உதறினாள். "அப்படிப் பேசாதீங்க. உங்களுக்குள்ள இருந்து வேற யாரோ பேசுற மாதிரி பயமா இருக்குது."

டாக்டர் கேட்டால், வீட்டில் சண்டை போடும் பாஷையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அது எது?