ஜீப்புக்கு ஸ்டியரிங் மாற்றிய கோடை

அந்தக் கோடை முழுக்க எங்கள் வாசலில் சண்டைதான். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், என் தம்பி ஒரு பக்கம், நடுவில் பல்லை இளித்துக்கொண்டு பழைய ஜீப். காபி ஆறுவதற்குள் ஆரம்பித்தால் வெயில் தாழ்கிறவரை ஓயாது. அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது தம்பி துபாயில் இருக்கிறான், இவர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. அந்தச் சண்டை மறுபடி வேண்டும்போல இருக்கிறது, சத்தியமாக.

ஜீப் ஏலத்தில் வந்தது. கல்யாணமான புதிதில், வறண்டு கிடந்த ஏரியில் அதை ஓட்டிப் பழகினேன். முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே இரும்பு அச்சு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் துள்ளும், ஸ்டியரிங் கையை உதறும். உதறட்டுமே! விதைக்கடலை மூட்டையை ஏற்றிக்கொண்டு மேல்சித்தாமூர், தளவானூர் என்று நானே போவேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடிப்பேன். அந்த வயதின் திமிர் எவ்வளவு நன்றாக இருந்தது!

பிறகு எனக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது. அது திரும்பாமல் இருந்தால் வீடு நிம்மதியாக இருந்திருக்கும் என்று தம்பி கிண்டல் செய்வான். வலது கைதான் சதி செய்தது. சொம்பை எடு என்றால் பக்கத்தில் இருக்கிற தட்டைத் தட்டிவிடும். தலை வாரப் போனால் பாதியில் மறந்துபோய் நிற்கும். மெல்ல மெல்லத்தான் வழிக்கு வந்தது. வண்டி ஓட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் அழுதேன். ஆனால் அந்தக் கனத்த ஸ்டியரிங் என் கைக்கு அசையவில்லை.

அதில்தான் சண்டை. தம்பி பஜாரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வெளிநாட்டில் பழைய வண்டிகளை வெட்டி ஒட்டிப் பறக்கவிடுகிற வீடியோக்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பித்துப் பிடித்திருந்தது. இவரோ ஆயுசெல்லாம் ரூட் பஸ் ஓட்டியவர்.

"யக்காவுக்கு ரேக் ஸ்டேரிங் போட்டுடலாம் மாமா. இப்ப வர்ற காருல இருக்கிற மாதிரி. ஒரு வெரல்ல திருப்பலாம்."

"இன்னாடா பேசற? காருல ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஆடும். இது ஒரே அச்சு, மொத்தமா ஏறி எறங்கும். நீ ரேக்கை மேல சட்டத்துல கட்டினா, குழில உழுந்ததும் உங்க அக்கா திருப்பாமலே வண்டி திரும்பிக்கும்."

"அப்போ பழசையே வெச்சிக்கினு கையை ஒடிச்சிக்கச் சொல்றீங்களா?"

யாருக்கு ஸ்டியரிங்? எனக்கு. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஊஹூம். ஆளுக்கொரு டம்ளர் மோரை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

கடைசியில் ஒரு பழைய வேனில் இருந்து பவர் ஸ்டியரிங் பெட்டி வந்தது. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் கொடுக்க, பாதி பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளுமாம். முன்பு ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைத்திருந்த கம்பி நீளவாக்கில் தள்ளியதால்தான் ஒவ்வொரு குழிக்கும் கையை இழுத்ததாம். இந்தப் பெட்டியிலிருந்து கம்பி குறுக்குவாக்கில் எதிர்ச் சக்கரத்துக்குப் போகும், உதறல் குறையும் என்று இரண்டு பேரும் அதிசயமாக ஒத்துப்போனார்கள். பொருத்தி முடித்துச் சோதித்தும் பார்த்தார்கள். இவர் உள்ளே உட்கார்ந்து திருப்பினார், தம்பி வண்டிக்கு எதிரில் நின்று சக்கரத்தைப் பார்த்துக் கத்தினான்: "லெஃப்ட் ஓகே! ரைட் ஓகே!" ராகு காலம் வருவதற்குள் எடுக்க வேண்டும் என்று அவசரம். சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள்.

பழம் நசுங்கியது. வண்டி நேராகப் போனது. ஐயோ, அந்தக் கொஞ்ச தூரம்! ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. வலது கை அதைச் சமர்த்தாகப் பிடித்திருந்தது. கொல்லை மேட்டுப் பாதையில் இவரும் தம்பியும் பின்னால் ஓடி வந்தார்கள். பாதை இடப்பக்கம் வளைகிற இடத்தில் இடப்பக்கம் ஒடித்தேன். வண்டி வலப்பக்கம் இறங்கியது. பதறிப்போய் இன்னும் இடப்பக்கம் ஒடித்தேன். அது இன்னும் வலப்பக்கம் போய், பிடுங்கிக் குவித்திருந்த கடலைக்கொடிப் போரில் முட்டி நின்றது.

"கை இழுத்துடுச்சாக்கா?" என்றான் தம்பி. இவர் என்னை இறக்கி வரப்பில் உட்கார வைத்தார். "போவுது விடு. உயிருக்கு ஒண்ணும் ஆவல, அது போதும்."

நான் இடப்பக்கம்தான் ஒடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதையாகிவிடும் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு: எனக்கே நம்பிக்கை இல்லை. சொம்பைக் கேட்டால் தட்டைத் தட்டின கைதானே இது? நான் இடது என்று நினைத்திருப்பேன், அது வலது பக்கம் போயிருக்கும். என் உடம்பை இனி எதற்கும் நம்ப முடியாது என்று அந்த வரப்பில்தான் பயந்தேன். வாதம் வந்த அன்றைக்குக்கூட அப்படிப் பயப்படவில்லை.

"போதும். வண்டியை வித்துடுங்க" என்றேன்.

இவர் மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். தலையை ஆட்டினார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

வண்டியைப் பாதையில் ஏற்ற தம்பி உட்கார்ந்தான். பின்னால் எடுத்து, பாதையைப் பார்த்து ஒடித்து முன்னால் விட்டான். திரும்பவும் அதே போரில் போய் முட்டினான்.

"எறங்குடா! வண்டி ஓட்டத் தெரியாத பயலே" என்று அவனை இழுத்துவிட்டு இவர் ஏறினார். அத்தனை வருஷம் பஸ் ஓட்டிய கை. மீசையை ஒரு தடவு தடவிவிட்டு, பின்னால் எடுத்து, ஒடித்து விட்டார். ஜீப் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்று வாய்க்காலில் இறங்கியது.

இவர் உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினார், தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் திருப்பினார், மறுபடி பார்த்தார். வேனில் பின்பக்கம் பார்த்து இருந்த, கம்பியைத் தள்ளுகிற பெட்டியின் கையை, இங்கே இடம் போதவில்லை என்று முன்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் சக்கரம் வலப்பக்கம் போகும், எல்லாம் தலைகீழ். எதிரில் நின்ற தம்பியோ தன்னுடைய லெஃப்டைப் பார்த்து ஓகே சொல்லியிருக்கிறான். அடப்பாவிகளா!

அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவர் சேற்றில் கால் புதைய இறங்கி வந்து என் முன்னால் நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"இந்தா, நீ எந்தப் பக்கம் ஒடிச்ச?"

"லெஃப்ட்ல" என்றேன். குரல் எழும்பவில்லை. அப்புறம் எழும்பியது. "லெஃப்ட்லதான் ஒடிச்சேன்! ரெண்டு தபாவும் லெஃப்ட்லதான்!" என்று கொல்லைமேடு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, சொன்னதைச் சொன்னபடி செய்திருந்த என் வலது கையை எடுத்து முத்தம் கொடுத்தேன்.