தண்டவாளம் சேரும் இடம்

காக்ஸ் டவுனில், ஈஸ்ட் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு பெரிய பங்களாவின் பின்பக்க வீட்டில் நோரா குடியிருந்தாள். பகலில் கண்டோன்மென்ட்டில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. பல் போனவர்கள் கடித்துக் கொடுத்த மெழுகு அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அவர்களுடைய ஈறுகளை வெள்ளை வெளேரென்று வார்த்து எடுப்பது அவள் பொறுப்பு. அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்களில் பாதிப் பேரின் பொக்கை வாயை அவள் கையில் ஏந்தியிருக்கிறாள். அதனாலேயோ என்னவோ, அவளுக்கு யாரைக் கண்டும் பயம் கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே மாவில் வேறு உலகம் பிறக்கும். பலகையில் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் ரோஜாவோ திராட்சைக் கொத்தோ அன்னமோ புடைத்து நிற்கும்படி செய்வாள். டாக்டர் கழித்துப் போட்ட கொக்கி ஊசிகள்தான் உளி. சுற்றிலும் சட்டம் வைத்து மாவை ஊற்றி, அது இறுகியதும் களிமண்ணைத் தோண்டி எடுத்தால் அச்சு தயார். அச்சுக்குள் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி மாவை ஊற்றினால், தட்டி எடுக்கும்போது பூ வேலைப்பாட்டோடு ஒரு வெள்ளைச் சதுர வில்லை வந்து விழும். வாசல் நிலைக்கு மேலே பதிக்க, ஹாலில் மாட்ட என்று அக்கம்பக்கத்து பங்களாக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். கன்னம் உப்பிய தேவதூதர்களுக்கு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏக கிராக்கி.

எந்த வில்லையும் ஜோசஃபின் பார்க்காமல் வாசலைத் தாண்டியதில்லை. பார்ப்பது என்றால் விரலால். ஜோசஃபின் நோராவின் தங்கை, பிறவியிலேயே கண் தெரியாதவள். அப்பா அம்மா இருவரும் போன பிறகு நோராதான் அவளை வளர்த்தாள், தனக்கு வந்த கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு. ஜோசஃபின் இப்போது வளர்ந்த பெண். நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவதில் கைகாரி.

ஊற்றிய மாவு இறுகும்போது தானாகவே சூடாகும். அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை, எங்கிருந்து வருகிறது அந்தச் சூடு? ஜோசஃபின் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "உசிரு வருதுக்கா" என்பாள். அது ஆறியபின் விரல் ஓட ஆரம்பிக்கும். கண்ணுள்ள நோராவுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். "இந்தத் திராட்சைங்க எல்லாம் ஒரே சைஸ்ல கீது. கடைக்காரன் கூட அப்பிடிப் பொறுக்கித் தர மாட்டான்" என்று ஒருமுறை சொன்னாள். அந்த அச்சை நோரா அன்றே உடைத்துப் போட்டாள்.

அந்த வருஷம் மழை விட்டதும் மதராஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே கண் தெரியாதவர்களுக்கான ஒரு ஸ்கூலில் பிரம்பு வேலை சொல்லித்தர ஆள் வேண்டுமாம். மாதா கோயில் சாமியார் ஜோசஃபின் பேரைச் சொல்லியிருந்தார். தங்க இடமும் உண்டு. ஜோசஃபின் துள்ளாத குறைதான்.

"போறேன்க்கா. நீ சரின்னு சொல்லு, போதும்."

"பாக்கலாம்" என்றாள் நோரா.

இந்தப் 'பாக்கலாம்' வாரக்கணக்கில் நீண்டது. தங்கை தெருமுனைக் கோயிலுக்குப் போனாலே கேட்டில் நின்று, அவள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறவள் நோரா. மதராஸ் எங்கே, காக்ஸ் டவுன் கேட் எங்கே!

முடியாது என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தாள். மதராஸையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால்? தொட்டுப் பார்த்துத் திருப்தி வந்துவிட்டால் போகிற ஆசை அடங்கிவிடும் என்பது அவள் கணக்கு. என்ன கணக்கோ! லட்டைக் கையில் கொடுத்துவிட்டு, தொட்டாயிற்று, இனி தின்ன வேண்டாம் என்கிற மாதிரி.

முதலில் ரயில் எஞ்சின் செய்தாள், பிறகு கலங்கரை விளக்கம். அப்புறம் கடல். அலையை அலையாகவே நிறுத்த அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜோசஃபின் அதன்மேல் விரலை ஓட்டி, "இது ஓயாம அசையுமாக்கா? இவ்ளோ பெருசு அசைஞ்சா தரை ஆடாதா?" என்று கேட்டாள். ஆசை அடங்குவதாவது! ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு படி ஏறியது.

கடைசியாக நோரா ரயில் பாதையைச் செய்தாள். அதற்காகவே லெவல் கிராஸிங்குக்குப் போய், கேட்காரர் கோவிந்தப்பா கத்தக் கத்த நடுத் தண்டவாளத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அடியில் அகலமாகக் கிளம்பும் இரண்டு தண்டவாளங்கள், இடையில் கட்டைகள், இருபுறமும் தந்திக் கம்பங்கள், உச்சியில் சின்னதாய் ஒரு மலை. தன் வேலையிலேயே இதுதான் உசத்தி என்று அவளுக்கே தோன்றியது.

ஜோசஃபின் கீழேயிருந்து ஆரம்பித்தாள். ஒரு தண்டவாளத்துக்கு ஒரு கை. மேலே போகப் போக இரண்டு கைகளும் நெருங்கின, வேகம் குறைந்தது. உச்சியில் இரண்டு விரல்களும் முட்டி நின்றன.

"அக்கா, தப்பாயிடுச்சு."

"எது?"

"ரெண்டும் ஒட்டிக்கிச்சே. நான் கிராஸிங்ல குச்சி வெச்சிப் பாத்திருக்கேன். எங்க தொட்டாலும் ஒரே இடைவெளிதான். கம்பமும் வர வர குட்டையாவுது. மலை பட்டாணி மாதிரி கீது. இன்னாக்கா இது?"

நோராவுக்குச் சிரிப்பு வந்தது. "தூரத்துல இருக்கறது சின்னதாத் தெரியும்டி. அதான்."

"தெரியும்னா? நெஜமா சின்னதாவுமா?"

"நெஜமா ஆவாது. கண்ணுக்கு அப்பிடித் தெரியும்."

ஜோசஃபின் வில்லையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எல்லாமேவா? மனுஷங்க கூடவா?"

"எல்லாமேதான்."

"நான் கோயிலுக்கு நடந்து போறப்போ?"

"சின்னதாயினே போவே. பொம்மை அளவு. அப்புறம் எறும்பு மாதிரி. முனை திரும்பினா காணோம்."

சொல்லி முடித்தபோது நோராவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தத் தண்டவாளத்தைப் பார்த்து வருகிறாள். ஒருநாளாவது அதை ஆச்சரியம் என்று நினைத்ததுண்டா? சேராத இரண்டை இந்தக் கண் தினமும் சேர்த்துக் காட்டுகிறது, மலையைப் பட்டாணியாக்குகிறது, பெற்ற பிள்ளையைப்போல வளர்த்த தங்கையை எறும்பாக்கித் துடைத்தெறிகிறது. உலகத்தில் எல்லோரும் அதை நம்பிக்கொண்டு சாவதானமாகக் காப்பி குடிக்கிறார்கள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மாதாவே!" என்றாள் ஜோசஃபின், மூச்சுக் குரலில். "தெனம் இதைப் பாத்துக்கினா நிக்கிறே? பயமா இல்லியா உனக்கு?"

"பயந்தான்டி" என்றாள் நோரா. "அதுக்குத்தான் மதராஸுக்கு சரின்னு சொல்லாம இருக்கேன். கண்ணுக்கே எட்டாம போயிடுவே."

ஜோசஃபின் தடவிக்கொண்டே வந்து அக்காவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள். அவள் குரலில் பரிதாபம் இருந்தது. கண்ணில்லாதவள் கண்ணுள்ளவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"ஐயோ அக்கா, உனக்கு இப்பிடி ஒரு பேஜாரா? எனக்கு நீ சின்னதாவே ஆனதில்லியே. காலைல டியூட்டிக்குப் போறே. கேட் சத்தம் கேக்குது. அதோட சரி. சாயந்தரம் வர்ற வரைக்கும் இதே சைஸ்ல, இதே மூஞ்சியோட எங்கிட்டயேதான் கீறே. நீ தூரம் போனதே கிடையாது."

நோரா அந்தக் கைகளுக்குள் அழுதாள். இத்தனை காலமும் இருட்டில் இருக்கிறாளே என்று யாருக்காக உருகினாளோ, அவளிடம் இப்படி ஒரு சொத்து இருப்பது நோராவுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, தேவாலயத்தில் மணி அடிக்கும்போது வருகிற மாதிரி ஒரு பணிவும் வந்தது.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சாமியாரிடம் சரி என்று சொல்லிவிட்டாள்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் மதராஸ் வண்டி அதிக நேரம் நிற்காது. பெட்டியையும் சாப்பாட்டுத் தூக்கையும் ஏற்றி, துணைக்குப் போகிற கன்னியாஸ்திரீயிடம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி முடிப்பதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். ஜோசஃபின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். நோரா அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு விட்டுவிட்டாள்.

வண்டி போயிற்று. பிளாட்பாரத்தில் எல்லோரும் கைக்குட்டையை ஆட்டினார்கள். ஜன்னலில் தெரிந்த கை விரலளவாயிற்று. கடைசிப் பெட்டி தீப்பெட்டியாகத் தொடங்கியது. இன்னும் ஒரு நொடியில் அந்தத் தண்டவாளங்கள் சேர்ந்துவிடும்.

அவள் இறுகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகும் அப்படியே நின்றாள். மூட்டையோடு போன ஒரு போர்ட்டர் நின்று, "இன்னாம்மா, தலை சுத்துதா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

"வேணாண்ணா" என்றாள் நோரா, கண்ணைத் திறக்காமல். "என் தங்கச்சியப் பாத்துக்கினு இருக்கேன்."