யாபுங்கின் வாளி

வேலைக்குக் கிளம்புமுன் யாபுங் நன்றாக வாய் கொப்பளித்து, ஏலக்காய் ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொள்வாள். காலையில் குடித்த காட்டுப்பனை மாவுக் கூழின் புளித்த வாடை வார்டுக்குள் வந்துவிடக் கூடாது. அந்த வாடை வந்தால் புரோயிக் இனத்தவள் என்று கமெங் ஆற்றங்கரையில் சின்னக் குழந்தையும் சொல்லிவிடும்.

ஆஸ்பத்திரியில் தரை துடைப்பது அவள் வேலை. அங்கே பெரிய இனமான நிஷிக்காரர்களின் மொழி பேசுவாள், இந்தி பேசுவாள், அஸ்ஸாமியில் சண்டையே போடுவாள். "நான் நிஷிப் பொண்ணு சிஸ்டர்" என்பது யாரும் கேட்காதபோதும் அவள் சொல்வது. தாத்தா காலத்தில் அடுத்தவர் வீட்டில் கூலியில்லாமல் உழைத்த புரோயிக் சனம் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது.

அவள் தாய்மொழிக்கு உறவென்று இருப்பவை நாலைந்து மலைமொழிகள். ஒவ்வொன்றும் சில ஊர்களோடு முடிந்துவிடும். ஒன்றைப் பேசுபவருக்கு மற்றது விளங்காது. தண்ணீர், நெருப்பு போன்ற ஒன்றிரண்டு சொற்களில்தான் சாயல் தெரியும். ஒருமுறை அந்த உறவுமொழிகளில் ஒன்றைப் பேசும் புகுன் இனக் கிழவர் ஒருவர் தம் மொழியில் தண்ணீர் கேட்டார். யோசிப்பதற்குள் யாபுங்கின் கை கூஜாவுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து வார்டுக்குள் மாப்புக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடிதான் நடக்கிறாள்.

போன மழைக்காலத்தில், காட்டுக்குள்ளிருந்து ஒரு தாய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் உதடு வீங்கி, வாயில் நுரை தள்ளியது. தாய் விடாமல் என்னவோ சொன்னாள்.

"இந்தப் பாஷை யாருக்காவது தெரியுமா?" என்றார் டாக்டர்.

"காட்டுக்காரங்க பேச்சு நமக்கெங்க தெரியும்?" ரீனு சிஸ்டர் சிரித்தாள். "யாபுங்கக் கேளுங்க. அவதான் ஊர்ப்பட்ட பாஷை பேசுவா."

யாபுங்கும் கூடச் சிரித்துவைத்தாள். தாய் சொன்னது முழுக்க அவளுக்குப் புரிந்திருந்தது. காட்டுக்கிழங்கைச் சீவி ஓடையில் ஊறப்போட்டிருக்கிறார்கள். விஷம் இறங்குமுன்பே குழந்தை எடுத்துத் தின்றுவிட்டது. யாபுங் கட்டிலருகே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். குழந்தையின் கண் செருகியது.

"கிழங்கு தின்னிருக்கும் டாக்டர். சரியா ஊறாத கிழங்கு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவ கைய ஆட்டுறதப் பாத்தாலே தெரியுதே."

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஊருக்குக் கிளம்பிய அன்று, வார்டே பார்க்க, தாய் இலையில் கட்டிய பனைமாவை நீட்டினாள். "நீ நம்ம பொண்ணுதான தங்கச்சி? அன்னைக்கே உன் மூஞ்சிய வச்சுக் கண்டுபிடிச்சிட்டேன். ஒரு வார்த்தை பேசேன்."

"என்னடி சொல்றா?" என்றாள் ரீனு சிஸ்டர்.

"தெரியல சிஸ்டர்."

மாவு கொடுத்தால் இரு கையாலும் வாங்கி, கொடுத்தவர் எதிரிலேயே ஒரு சிட்டிகை நாக்கில் வைப்பது யாபுங் பிறந்த வீட்டின் பழக்கம். தாயும் அதற்குத்தான் காத்து நின்றாள்.

யாபுங் பொட்டலத்தை ஒற்றைக் கையால் வாங்கிக் காலி வாளிக்குள் வைத்தாள். அதன்மேல் தரைத்துணியைப் போட்டு மூடினாள்.