மலையோடைப் பாசியும் ஒரு மெமோவும்

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தனியாக ஒரு போர்ஷனில் குடியிருந்தேன். ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் ஏறி, அங்கே ஓடிக்கொண்டிருந்த ஓடையில் கிடந்த கற்களிலிருந்து பழுப்பாக வழுக்கிய பாசியைப் பழைய பல் பிரஷால் சுரண்டி பாட்டிலில் எடுத்துவந்தேன். அதில்தான் அந்த டயட்டம் இருந்தது.

டயட்டம் என்பது ஒற்றைச் செல் பாசி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டிலுள்ள கோடுகளையும் புள்ளிகளையும் வைத்துத்தான் எது எந்த இனம் என்று சொல்வார்கள். நான் பார்த்தது ஒரு முனை அகன்று, மறுமுனை குறுகி, நடுவில் மூன்று புள்ளிகளுடன் இருந்தது. என்னிடம் இருந்த புத்தகங்களில் அப்படி ஒன்று இல்லை. வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்குப் படம் வரைந்து அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தானும் பார்த்ததில்லை என்றும், ஓடுகளை நன்றாகச் சுத்தம் செய்து இன்னும் நிறைய அளந்து பார்க்கும்படியும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சுத்தம் செய்வது என்றால் அமிலத்தில் கொதிக்க வைப்பது. மற்றதெல்லாம் கரைந்து கண்ணாடி ஓடு மட்டும் மிஞ்சும். புகை போக வழியில்லாததால் லேபுக்குப் பின்னால் திறந்தவெளியில் ஸ்டவ் வைத்துச் செய்வோம். செய்தது பெரும்பாலும் எங்கள் லேப் அட்டெண்டர். நாற்பது வயதிருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மனைவி, ஒரு மகன், கொஞ்சம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் நிலம். இரண்டாம் முறை பாசி எடுக்கப் போனபோது அவரும் கூட வந்தார். அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நான் செருப்போடு ஏறுவதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

சித்திரை மாதம். பாசியை முழுக்கக் காயவைத்த பிறகுதான் அமிலம் ஊற்ற வேண்டும். ஈரத்தில் ஊற்றினால் தெறிக்கும். முதல் நாள் காயவைத்த பீக்கரில் அன்று காலை நான்தான் இன்னொரு பாட்டிலிலிருந்து தண்ணீரோடு கொஞ்சம் சேர்த்துவைத்தேன். அதற்குள் பிரின்சிபால் கூப்பிடுவதாக ஆள் வந்தது. "ஆசிட் ஊத்தி வச்சிடுங்க, வந்துடறேன்" என்று அட்டெண்டரிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஈரம் இருப்பதைச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை. குடிக்க வைத்திருந்த பானையைத் தூக்கிவந்து முகத்தில் ஊற்றினேன். போதவில்லை. அன்றே வேலூருக்குக் கொண்டுபோனோம். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். கண் போய்விட்டது.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். அட்டெண்டர் கண்ணில் கட்டோடு வந்து நின்றார்.

"மேடம் வரட்டும்னு இருந்திருக்கணும் சார். நானா ஊத்திட்டேன்" என்றார்.

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். "அப்படித்தானா?"

"ஆமாம் சார்" என்றேன்.

அவரிடம் அதையே எழுதி வாங்கி, ஒரு மெமோ கொடுத்து, லேபிலிருந்து கேட் காவலுக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு என் வேலை நிரந்தரமானது.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்.

பாசி வேலையை நிறுத்திவிடுவேன் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அவர் கொதிக்கவைத்து முடித்திருந்த பாட்டில்களே போதுமானவையாக இருந்தன. மாலை மாலையாக மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஒவ்வொரு ஓடாக அளந்து வரைந்தேன். புதிய இனம் என்றால் விவரத்தை லத்தீனில் எழுத வேண்டும் என்பது விதி. சர்ச்சில் இருந்த பாதிரியார் ஒருவர் எழுதித் தந்தார். எழுதி முடித்துவிட்டு, "பேர் இன்னும் வைக்கலியே" என்றார்.

பெயரை நான் முடிவு செய்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அட்டெண்டர் வீட்டு வாசலில் அவர் மனைவி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். உள்ளேயிருந்து வந்த அட்டெண்டரிடம் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தப் பாசிக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறேன், உலகத்தில் எந்தப் புத்தகத்தில் எழுதினாலும் அந்தப் பெயர்தான் இருக்கும் என்றேன்.

அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"வாணாம்மா. வேற எதுனா பேரு வச்சிக்கங்க" என்றார்.

"உங்களாலதானே இந்த வேலை நடந்துச்சு?"

"அத நெனைக்காம இருக்கத்தான் பாக்கறேன். பேர வேற வச்சிட்டீங்கன்னா எப்படி மறக்கறது?"

மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "அந்தப் பாசி இல்லன்னா யாருக்கு இன்னா கொறஞ்சி போவுதும்மா?" என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மலையின் பெயரையே வைத்தேன். கட்டுரை வெளிவந்தது. சக ஆசிரியர்கள் கைகொடுத்தார்கள். கடைசியில் நன்றி சொல்லும் வரிகளில் பாதிரியாரும் பிரின்சிபாலும் இருந்தார்கள். அட்டெண்டரின் பெயரை எழுதினால் யாராவது பழைய கதையைக் கிளறுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் தினமும் காலையில் அவர்தான் கேட்டைத் திறந்தார். "வணக்கம் மேடம்" என்பார். நான் தலையசைத்துவிட்டு வேகமாக உள்ளே போவேன். எண்பதுகளின் நடுவில் புதிய பிரின்சிபால் வந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபைலை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சும்மா. இப்ப எதுக்கு?" என்றார். ஆனாலும் அட்டெண்டரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

மறுநாள் கேட்டில் அட்டெண்டர் என்னை நிறுத்தினார்.

"எதுக்கும்மா போய்ச் சொன்னீங்க?"

"மனசு கேக்கலைங்க. உங்க மேல தப்பு இல்லன்னு தெரியணும்னுதான்."

"உங்க மனசு லேசாயிடுச்சி, சரி. எழுதிக் குடுத்தது பொய்யான்னு என்னைக் கேக்கறாங்க. எம் பையன் இங்கதான் படிக்கிறான். அவனாண்ட நான் இன்னா சொல்றது?"

"அப்ப ஏங்க அப்படிச் சொன்னீங்க?" பத்து வருடமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"உங்களுக்கு வேலை போயிடும்னு தோணுச்சி. எனக்குப் போன கண்ணு எப்படியும் வரப்போறதில்ல." பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. அதற்கு வழிவிடப் போய்விட்டார்.

மறுநாளும் கேட்டைத் திறந்தார். வணக்கம் மட்டும் நின்றுபோனது. அவர் ஓய்வு பெற்ற அன்று ஸ்டாஃப் ரூமில் மாலை போட்டு அனுப்பினார்களாம். நான் உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.